‘ஆயாவுக்கு இந்த வயசுல ஆபரேஷனா?’ - மூத்த பெண்களுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை எந்த அளவு பாதுகாப்பானது?

"ஆயாவுக்குக் கர்ப்பப்பை இறங்கிடுச்சாம். ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க. 72 வயசுல தாங்குவாங்களா? நீயே கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லு."

ஊரிலிருந்து அம்மா இப்படி போன் பண்ணினால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? பெரும்பாலான வீடுகளில் இதற்கு இரண்டே பதில்கள்தான். ஒன்று, "டாக்டர் சொன்னா பண்ணிடுங்க". இன்னொன்று, "இந்த வயசுல எதுக்கு ரிஸ்க், அப்படியே விட்டுடுங்க". இரண்டுமே அவசரப் பதில்கள்.

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு ஏரிக்கரை மீனவ கிராமங்களை வைத்து இந்தக் கேள்வியைப் பார்ப்போம். காரணம், டாக்டர் சொல்லும் ரிஸ்க் என்பது ஆபரேஷன் தியேட்டருக்குள் மட்டும் இருப்பதில்லை. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், திரும்பி வந்ததும் என்ன வேலை செய்ய வேண்டியிருக்கும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த ரிஸ்க்.

கர்ப்பப்பை இறக்கம் என்றால் என்ன?

கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் கீழிருந்து தாங்கிப் பிடிப்பது இடுப்புத் தளத் தசைகளும் தசைநார்களும். பிரசவத்தில் இவை இழுபட்டுத் தளர்கின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் இன்னும் மெலிகின்றன. தாங்கும் பிடி தளரும்போது கர்ப்பப்பை மெல்லக் கீழே இறங்கி, பிறப்புறுப்பு வழியாக வெளியே தள்ளத் தொடங்குகிறது. கிராமங்களில் ‘அடி இறங்கிடுச்சு’ என்று சொல்வது இதைத்தான்.

சுகப் பிரசவங்களின் எண்ணிக்கை, வயது, உடல் பருமன், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், தொடர்ந்து பாரம் தூக்குவது ஆகியவை இதற்கான காரணங்கள். இது பொதுவாக உடனே உயிரைப் பறிக்கும் நோய் அல்ல. ஆனால் முழுவதுமாக வெளியே வந்துவிட்டால் உரசிப் புண்ணாகும், சிறுநீர் சரியாக வெளியேறாது. நீண்ட நாள் அப்படியே விட்டால் சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வரை பாதிக்கலாம். ஆகவே "வலி இல்லையே, விட்டுடலாம்" என்பது எல்லோருக்கும் பொருந்தாது.

பழவேற்காட்டில் இது ஏன் பெரிய விஷயம்?

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. படகில் போவது ஆண்கள் என்றால், கரைக்கு வந்த மீனைக் கூடையில் ஏற்றித் தலையில் சுமந்து விற்பது பெண்கள். இருளர் பெண்களின் வேலை இன்னும் கடினம். ஆழமில்லாத சேற்று நீரில் உட்கார்ந்த நிலையில் நகர்ந்து, இரு கைகளாலும் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்த இறாலைப் போடும் ‘பறி’ என்ற ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். மணிக்கணக்கில் தண்ணீரில் உட்கார்வதும், கூடை சுமப்பதும் அறுபது வயதோடு நின்றுவிடும் வேலைகள் இல்லை.

இந்த வேலையோடு வெளியே தள்ளும் கர்ப்பப்பையும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உட்கார முடியாது, நடந்தால் உரசும், சிரித்தால்கூடச் சிறுநீர் கசியும். ஆனால் வெளியே சொல்ல மாட்டார்கள். மருமகளிடம் சொல்லக்கூடக் கூச்சம், ஆண் டாக்டர் இருந்தால் என்ன செய்வது என்ற பயம், "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்" என்ற சமாதானம். ஆபரேஷன் பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு வருவதற்குள்ளேயே பல வருடங்கள் ஓடிவிடுகின்றன.

சரி, வயசுதான் ஆபத்தா? எண்கள் சொல்வது என்ன?

இதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வு அமெரிக்காவில் 2006-ல் வெளியானது. 1998 முதல் 2002 வரை கர்ப்பப்பை இறக்கம், சிறுநீர்க் கசிவு போன்றவற்றுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் மருத்துவமனைப் பதிவுகளை அது அலசியது. ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு இது:

* 60 வயதுக்குக் கீழ்: 0.1
* 60 முதல் 69 வரை: 0.5
* 70 முதல் 79 வரை: 0.9
* 80-ம் அதற்கு மேலும்: 2.8

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ‘80 வயதைத் தாண்டினால் ஆபத்து 28 மடங்கு’ என்று தலைப்புப் போட்டால் பயமாக இருக்கும். ‘80 வயதைத் தாண்டிய ஆயிரம் பேரில் 997 பேர் பிழைத்தார்கள்’ என்றால் நிம்மதியாக இருக்கும். இரண்டும் உண்மைதான். வயது ஏற ஏற ஆபத்து கூடுகிறது, ஆனால் திட்டமிட்டுச் செய்யும்போது அது ‘செய்யவே கூடாது’ என்னும் அளவுக்குப் பெரிதல்ல.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, இது அமெரிக்க மருத்துவமனைகளின் கணக்கு. அறுவை சிகிச்சையைத் தாங்குவார்கள் என்று டாக்டர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் மட்டுமே இதில் இருக்கிறார்கள். இரண்டு, கர்ப்பப்பை அல்லது சினைப்பைப் புற்றுநோய்க்காகச் செய்யும் பெரிய அறுவை சிகிச்சைக்கு இந்த எண்களைப் பொருத்த முடியாது. அங்கே ஆபத்து இதைவிட அதிகம். கூடவே, செய்யாமல் விடுவதன் ஆபத்தும் பல மடங்கு அதிகம்.

ஆதார் கார்டு வயதும் உடம்பின் வயதும்

முதியோர் மருத்துவத்தில் இன்று அதிகம் பேசப்படும் விஷயம் உடல் தளர்ச்சி. 75 வயதிலும் தானே பஸ் ஏறிச் சந்தைக்குப் போய்வரும் ஒருவரும், 66 வயதில் சுவரைப் பிடித்து நடக்கும் ஒருவரும் ஒன்றல்ல. அறுவை சிகிச்சைக்குப் பின் சிக்கல் வரும் வாய்ப்பு இரண்டாவது நபருக்கே அதிகம், வயது குறைவாக இருந்தாலும்கூட.

இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். 12 விநாடிக்கு மேல் போனால் கீழே விழும் அபாயம் அதிகம் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. இதோடு சமீபத்தில் எடை குறைந்ததா, ரத்தசோகை இருக்கிறதா, சர்க்கரையும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருக்கின்றனவா, இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன, ஞாபகமறதி உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

நல்ல செய்தி, வயதை மாற்ற முடியாது, ஆனால் இந்தப் பட்டியலில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். கர்ப்பப்பை இறக்கத்துக்கான ஆபரேஷன் பெரும்பாலும் நாளைக்கே செய்ய வேண்டிய அவசர ஆபரேஷன் இல்லை. சில வாரங்கள் எடுத்துக்கொண்டு ரத்தசோகையைச் சரிசெய்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, புகையிலையை நிறுத்தி, நன்றாகச் சாப்பிட்டு நடந்து உடம்பைத் தயார் செய்தபின் போனால் ஆபத்து குறைகிறது.

ஆபரேஷன் இல்லாமல் சமாளிக்க முடியாதா?

முடியும், சிலருக்கு. ஆரம்ப நிலை இறக்கத்துக்கு இடுப்புத் தளத் தசைப் பயிற்சி உதவும். அடுத்தது ‘ரிங் பெசரி’. சிலிக்கானில் செய்த வளையம். இதை உள்ளே பொருத்தினால் கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கும். மயக்க மருந்து வேண்டாம், புறநோயாளிப் பிரிவிலேயே வைத்து அனுப்பிவிடலாம்.

நெதர்லாந்தில் 440 பெண்களிடம் பெசரியையும் அறுவை சிகிச்சையையும் ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வெளியானது. இரண்டு ஆண்டுகள் கழித்து நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள் பெசரிப் பிரிவில் சுமார் 76 சதவீதம், அறுவை சிகிச்சைப் பிரிவில் சுமார் 81 சதவீதம். வித்தியாசம் பெரிதில்லைதான். ஆனால் பெசரியில் தொடங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அறுவை சிகிச்சைக்கு மாறிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பழவேற்காட்டுக்கு வந்தால் இந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் மாறும். பெசரியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்த்து மறுபடி வைக்க வேண்டும். பல வருடங்கள் மறந்துவிட்டால் அதுவே சதையில் புதைந்து புண்ணாக்கிவிடும். கிராமத்திலிருந்து பழவேற்காடு பஜார், அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி. ஒவ்வொரு முறையும் ஒருநாள் வேலை போகும், கூட வருபவருக்கும் ஒருநாள் கூலி போகும். ‘ஆபத்தே இல்லாத வழி’ என்று சொல்லப்படும் பெசரி, தொடர்ந்து போய்வர முடியாதவருக்கு ஆபத்தாகவும் முடியலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பெசரியை மாற்றித் தரும் வசதி இருந்தால் நிலைமையே வேறு.

ஆபரேஷன் என்றால் எந்த ஆபரேஷன்?

இது பலரும் கேட்காமல் விடும் கேள்வி. ‘கர்ப்பப்பை ஆபரேஷன்’ என்பது ஒன்றல்ல.

* பிறப்புறுப்பு வழியாகக் கர்ப்பப்பையை அகற்றி, தளர்ந்த சுவரைச் சரிசெய்வது. வயிற்றில் தையல் இல்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப் போகச் செய்தே இதைச் செய்யலாம். இறக்கத்துக்கு நம் ஊரில் பரவலாகச் செய்வது இதுதான்.
* லேப்ராஸ்கோப்பி. தழும்பு சின்னது, வலி குறைவு. ஆனால் வயிற்றுக்குள் வாயுவைச் செலுத்தி, தலையைத் தாழ்த்திப் படுக்க வைப்பதால் இதயமும் நுரையீரலும் பலவீனமாக உள்ளவர்களுக்குச் சிரமம்.
* வயிற்றைத் திறந்து செய்வது. பெரிய கட்டி, புற்றுநோய் போன்றவற்றில் தேவைப்படலாம். தேறி வர அதிக நாள் ஆகும்.
* பிறப்புறுப்புப் பாதையைத் தைத்து மூடிவிடுவது. இனி தாம்பத்திய உறவு வேண்டாம் என்று தாமே முடிவெடுத்த, மிகவும் தளர்ந்த மூத்த பெண்களுக்கானது. குறைந்த நேரத்தில் முடியும்.

மேலே சொன்ன அதே அமெரிக்க ஆய்வில், 80 வயதைத் தாண்டியவர்களில் பாதையை மூடும் முறையில் சிக்கல் ஏற்பட்டது 17 சதவீதம் பேருக்கு, சீரமைப்பு முறையில் சுமார் 25 சதவீதம் பேருக்கு. ஆகவே ‘ஆபரேஷனா வேண்டாமா’ என்பதோடு ‘எந்த ஆபரேஷன்’ என்பதும் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது. ஆனால் பாதையை மூடும் முறையில் ஒரு முக்கியமான விஷயம். அந்த முடிவைப் பிள்ளைகள் எடுக்கக் கூடாது. "இந்த வயசுல உனக்கு என்னத்துக்கு" என்று யாரும் அவர் சார்பில் கையெழுத்துப் போட முடியாது. அவரிடம் தனியாக, அவருக்குப் புரியும் வார்த்தைகளில் கேட்க வேண்டும்.

ரத்தம் பட்டால் காத்திருக்காதீர்கள்

மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் அது பரிசோதிக்க வேண்டிய விஷயம். இப்படி ரத்தப்போக்கு வரும் பெண்களில் சுமார் 9 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருப்பதாகவும், அந்தப் புற்றுநோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்த ரத்தப்போக்குதான் அறிகுறியாக இருந்ததாகவும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இல்லை என்பது ஆறுதல். ஆனால் அந்த ஒருவரை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். இறங்கிய கர்ப்பப்பையில் உள்ள புண்ணிலிருந்தும் ரத்தம் வரலாம்தான். எதிலிருந்து வருகிறது என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

ஒரு பக்கம் அவசரம், இன்னொரு பக்கம் அலட்சியம்

இந்தியாவில் கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சை பற்றிய விவாதம் பெரும்பாலும் இளம் வயதுப் பெண்களைச் சுற்றியே நடந்திருக்கிறது. காரணம் உண்டு. பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையே இல்லாமல் கர்ப்பப்பை அகற்றப்பட்டதாக டாக்டர் நரேந்திர குப்தா தொடர்ந்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரல் 5-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேவையற்ற அறுவை சிகிச்சைகளைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வகுத்த வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டக் கரும்பு வெட்டும் பெண்களின் கதை 2019-ல் நாடு முழுக்க அதிர்ச்சியைக் கிளப்பியதும் நினைவிருக்கலாம்.

ஆனால் அதே பெண் எழுபது வயதைத் தொடும்போது நிலைமை தலைகீழாகிறது. உழைக்கும் வயதில் "எடுத்துடலாம், தொல்லை விட்டுச்சு" என்றவர்கள், உண்மையிலேயே சிகிச்சை தேவைப்படும் வயதில் "இனிமே எதுக்கு" என்கிறார்கள். கணக்கெடுப்பிலும் இதே கதைதான். தேசிய குடும்ப நல ஆய்வு கர்ப்பப்பை அகற்றியதைப் பற்றிக் கேட்பது 15 முதல் 49 வயது வரையிலான பெண்களிடம் மட்டுமே. ஐம்பதாவது பிறந்தநாளோடு ஒரு பெண் அந்தப் புள்ளிவிவரத்திலிருந்து வெளியேறிவிடுகிறார். எண்ணப்படாதவர்களுக்குத் திட்டமும் எளிதில் வராது.

தமிழகத்துக்கு இது சின்ன விஷயமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 10.4 சதவீதமாக இருந்த 60 வயதைத் தாண்டியோர் விகிதம், 2021-க்கான மதிப்பீட்டில் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்தபடியாக வேகமாக முதுமை அடையும் மாநிலம் நாம்.

எங்கே போவது? செலவு?

பழவேற்காடு மக்களுக்கு அருகில் ஆரம்ப சுகாதார நிலையம், அடுத்து பொன்னேரி அரசு மருத்துவமனை. இதய நோய், சிறுநீரகப் பிரச்சினை என்று கூடுதல் சிக்கல் உள்ளவர்களுக்கு மயக்கவியல் நிபுணரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடமே பாதுகாப்பு. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி, 1844-ல் தொடங்கப்பட்ட எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை ஆகியவை அந்த வகை. முதியோர் மருத்துவத்தில் சென்னைக்குத் தனி வரலாறே உண்டு. டாக்டர் வி.எஸ்.நடராஜன் முயற்சியில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோருக்கான புறநோயாளிப் பிரிவு தொடங்கியது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது.

அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வசதி உண்டு. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வருமான வரம்பு இல்லாத ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையை மத்திய அரசு 2024 அக்டோபர் 29-ல் அறிமுகப்படுத்தியது. ஒரு சிக்கல், ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. இரக்கம் தீவு போலத் தமிழ் பேசும் மீனவ மக்கள் வாழும் ஊர்களுக்குத் தமிழக அரசின் காப்பீடு பொருந்தாது. சென்னைக்கு வரும் முன் தங்கள் மாநில அட்டையில் என்ன கிடைக்கும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆபரேஷனுக்குப் பிறகுதான் உண்மையான பரீட்சை

மூத்தவர்களுக்குப் பெரும்பாலான சிக்கல்கள் தியேட்டரில் அல்ல, அதன்பின் வரும் நாட்களில்தான் வருகின்றன. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, கால் நரம்பில் ரத்தம் உறைவது, கீழே விழுவது. இன்னொன்று, திடீர்க் குழப்பம். இரவில் ஆள் தெரியாமல் பேசுவார், எழுந்து ஓடப் பார்ப்பார். "மயக்க ஊசி மூளைக்கு ஏறிடுச்சு" என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் இது சில நாட்களில் சரியாகிவிடும். ஆனால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், தொற்று போன்ற காரணம் ஒளிந்திருக்கலாம். கண்ணாடியும் காது மெஷினும் கூடவே இருக்கட்டும். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். டாக்டர் சரி என்றதும் சீக்கிரம் எழுப்பி நடக்க வையுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் சுமார் ஆறு வாரங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், மீன் கூடை எதுவும் கூடாது. இதைச் சொல்வது எளிது. ஆனால் அந்தக் கூடையில்தான் வீட்டின் அன்றாடச் செலவு இருக்கிறது என்றால், மூன்றாவது வாரமே அவர் கிளம்பிவிடுவார், தையல் பிரியும், இறக்கம் திரும்ப வரும். ஆகவே ஆபரேஷன் தேதியைக் குறிக்கும் முன்பே, அந்த ஆறு வாரம் வீட்டை யார் பார்ப்பது, பணத்துக்கு என்ன வழி என்று குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டும். மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. ஆபரேஷன் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? எவ்வளவு நாள் தள்ளிப் போடலாம்?
2. பெசரி இவருக்குப் பொருந்துமா? அதை எங்கே, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது?
3. எந்த வகை ஆபரேஷன்? ஏன் அது? மயக்க மருந்து முழுதாகவா, இடுப்புக்குக் கீழே மட்டுமா?
4. இதயம், சிறுநீரகம், ரத்த அளவு, புற்றுநோய்ப் பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்றா?
5. இப்போது சாப்பிடும் மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும்? குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது.
6. ஏதாவது சிக்கல் என்றால் இங்கேயே ஐசியூ இருக்கிறதா?

சந்தேகம் இருந்தால் இரண்டாவது டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை. தமிழக அரசின் 104 எண்ணிலும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

ஆக, அம்மாவுக்கு என்ன பதில்? "72 வயசு மட்டும் தடையில்லம்மா. முதல்ல ரத்தம், சர்க்கரை, இதயம் பார்க்கச் சொல்லு. வளையம் வெச்சுப் பார்க்கலாமான்னு கேளு. ஆபரேஷன்தான்னா ஆறு வாரத்துக்கு ஆயா கூடை தூக்கக் கூடாது, அதுக்கு நான் பணம் அனுப்புறேன். எல்லாத்துக்கும் முன்னாடி, ஆயாவுக்கு என்ன வேணும்னு ஆயாகிட்டயே கேளு."